பன்னிரண்டு அங்குலச் சிப்பாய்க்கு ஒரு டிரங்குப் பெட்டி

பொம்மைச் சிப்பாய் ஒன்றைக் கையில் கொடுத்தால் பலரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். நான் துப்பாக்கி வாரைப் பார்ப்பேன். பட்டாளத்துக்காரர்கள் ஸ்லிங் என்பார்களே, அது. துப்பாக்கியின் எடையில் இழுபட்டுத் தோளில் படிந்து கிடக்கிறதா, இல்லை ஈர்க்குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு தனியாக நிற்கிறதா? படிந்து கிடந்தால் அந்தச் சிப்பாய் நடந்து வந்தவன் என்று நம்பத் தோன்றும். விறைத்து நின்றால் முகத்தில் எத்தனை நரம்பு வரைந்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு ராணுவப் பொம்மை சேகரிப்பதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் கடை கிடைக்கும், கூட்டாளி கிடைக்கும் என்பார்கள். என் அனுபவத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு எங்கள் பக்கத்தைப் போலத் தோதான ஊர் குறைவு. நூல் மில் இருக்கிறது, பேண்டேஜ் துணி நெய்கிற தறி இருக்கிறது, தகரப் பட்டறை இருக்கிறது, ஊருக்கு ஊர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் இருக்கிறாள். ஆண்டாளுக்கும் பொம்மைச் சிப்பாய்க்கும் என்ன சம்பந்தம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இப்போது நாம் பார்க்கிற ராணுவ ஆக்‌ஷன் ஃபிகர் 1964-ல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் விட்ட ஜி.ஐ. ஜோவில் தொடங்குகிறது. கிட்டத்தட்ட ஒரு அடி உயரம், கை கால் முழங்கால் எல்லாம் மடங்கும், துணியில் தைத்த சீருடை. அதன் வியாபாரமே துணைப்பொருளை நம்பித்தான் அமைந்தது. ஆளை ஒரு முறை வாங்கினால் போதும். ஹெல்மெட், துப்பாக்கி, தண்ணீர் பாட்டில், கூடாரம், கையெறி குண்டு என்று மற்றதைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பாலிடாய் நிறுவனம் 1966-ல் இதையே ஆக்‌ஷன் மேன் என்று கொண்டுவந்தது. பையன்கள் பணத்தைச் சேர்த்துச் சேர்த்து உடுப்பும் ஆயுதமும் வாங்கினார்கள். ஆக, துணைப்பொருள் எத்தனை நிஜமாக இருக்கிறது என்ற கேள்வி இந்தப் பொம்மை பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது.

1982-ல் ஹாஸ்ப்ரோ ஆளைச் சுருக்கியது. மூன்றே முக்கால் அங்குலம். நிஜ மனிதனில் பதினெட்டில் ஒரு பங்கு. எங்கள் வயதுக்காரர்களுக்கு ஜி.ஐ. ஜோ என்றால் இந்தச் சின்ன ஆள்தான், அதுவும் ஃபன்ஸ்கூல் முத்திரையோடு வந்தவன். எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கியது ஃபன்ஸ்கூல். தலைமையகம் சென்னையில், அந்தக் காலத்தில் தொழிற்சாலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்து 2000-களின் தொடக்கம் வரை இங்கேயே ஜி.ஐ. ஜோ வார்த்தார்கள். அச்சு அமெரிக்க அச்சு. வண்ணமும் ஆயுதமும் பல நேரம் நம்மூர் ஏற்பாடு. அமெரிக்காவில் பச்சையாக வந்தவன் இங்கே வேறு நிறத்தில் வருவான். அவன் கையில் இருக்க வேண்டிய துப்பாக்கிக்குப் பதில் இன்னொருவனின் துப்பாக்கி இருக்கும். இந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடித் தேடி இறக்குமதி செய்தார்கள். நாம் பரணில் போட்டு வைத்ததை அவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

அந்தச் சின்ன ஆட்களைப் பற்றி எனக்கு மரியாதை அதிகம். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொருவனுக்கும் ஒரு சிறு வரலாறு அச்சிட்டிருப்பார்கள். எந்த ஊர்க்காரன், என்ன பயிற்சி, என்ன ஆயுதத்தில் தேர்ச்சி என்று. பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. அவரே அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அதனால் அந்தச் சில வரிகளில் படைமுகாமின் வாடை இருக்கும். தொடக்க ஆண்டுகளின் துப்பாக்கிகளும் அப்படியே. ராக் அண்ட் ரோல் என்ற ஆள் வைத்திருந்தது எம்-60, ஸ்னேக் ஐஸ் என்பவன் வைத்திருந்தது ஊஸி (Uzi). இரண்டும் நிஜத் துப்பாக்கிகள், சின்னக் குழந்தை விரல் நீளத்தில். 1990-களில் இது கெட்டுப்போனது. ஆரஞ்சும் பச்சையுமாகப் பளபளக்கும் உடுப்பு, ஆளை விடப் பெரிய ஸ்பிரிங் ஏவுகணை, ஒரே நிறத்தில் ஒரே கொடியில் காய்த்த துப்பாக்கிகள். எந்தப் படைவீரனும் தூக்கிக்கொண்டு ஓட முடியாத சாமான்கள். அந்தக் காலத்து ஆட்கள் சிலரை நான் வைத்திருக்கிறேன், பாசத்துக்காக. ஆனால் அவர்களின் ஏவுகணைகளைப் பெட்டியை விட்டு எடுப்பதில்லை.

ஃபன்ஸ்கூல் ஆட்களை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் மேல் உடம்பையும் காலையும் சேர்த்துப் பிடிக்கிறது. நம்மூர் வெயிலுக்கு அது சில வருடங்களில் இறுகி உடைந்துவிடும். முதுகில் இருக்கிற ஒரே திருகாணியைக் கழற்றினால் மாற்றிவிடலாம். மோட்டார் சாமான் கடையில் சின்ன ஓ-ரிங் கேட்டுப் பாருங்கள், அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். தடித்த கைப்பிடியுள்ள துப்பாக்கியைக் கையில் திணிக்காதீர்கள். கட்டை விரல் ஒடிந்தால் அவ்வளவுதான். இன்னொன்று, பெட்டிக்குள் ரசகற்பூரம் போடவே கூடாது. பூச்சிக்கு நல்லது, பிளாஸ்டிக்குக்கு எமன்.

ஆனால் துணைப்பொருளின் நிஜத்தன்மையைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஆறில் ஒரு பங்கு அளவுக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டு அங்குல ஆள். 1990-களின் கடைசியிலிருந்து ஹாங்காங் நிறுவனங்கள் இதைத் தலைகீழாக மாற்றின. டிராகன் நிறுவனம் முன்னால் போனது. இன்று சூப்பர் ஹீரோ பொம்மைகளுக்குப் பெயர்போன ஹாட் டாய்ஸ்கூட 2000-ல் ராணுவ பொம்மைகளோடுதான் தொடங்கியது. மேகசினைக் கழற்றலாம், போல்டை இழுக்கலாம், பவுச்சின் மூடியைத் திறந்து உள்ளே தோட்டா வைக்கலாம். பெட்டியைத் திறந்தால் ஆளை விடச் சாமான்தான் அதிகம் இருக்கும்.

அப்படி இருந்தும் வார் விறைத்து நிற்கிறது. ஏன்?

இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. நீளம் ஆறில் ஒன்று ஆகும்போது எடை ஆறில் ஒன்று ஆவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 216-ல் ஒன்றாகிவிடுகிறது. நம் படையின் இன்சாஸ் துப்பாக்கி சுமார் 4 கிலோ. ஆறில் ஒரு பங்கு அளவில் அதன் சரியான எடை 19 கிராம் பக்கம் வர வேண்டும். பிளாஸ்டிக் துப்பாக்கி அதில் பாதி எடைகூட வருவதில்லை. துணியோ நூலோ சுருங்குவதே இல்லை. நிஜ வார் எந்தத் தடிமனில் இருக்கிறதோ, அதில் பாதித் தடிமன் உள்ள ரிப்பனைத்தான் பொம்மைக்கும் வைக்கிறார்கள். எடை குறைந்த துப்பாக்கி, விறைப்பு குறையாத வார். தொங்கவே தொங்காது. அதனால் நான் செய்வது இரண்டு வேலை. துப்பாக்கியின் பட் பகுதியைக் குடைந்து உள்ளே தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டை வைத்து எம்-சீல் போட்டு அடைப்பேன். சின்ன தராசில் 18, 19 கிராம் காட்டுகிற வரை. வாரைப் பிரித்துவிட்டு மெல்லிய பருத்தித் துணியில் புதிதாக வெட்டுவேன். அதன்பிறகு அந்தத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிப் பாருங்கள். தோள்பட்டைச் சட்டையில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு விழும்போது கிடைக்கிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

பதினெட்டில் ஒரு பங்குக்கு இந்த முயற்சி வேண்டாம். அங்கே எடை 5832-ல் ஒன்றாகிவிடும். ஒரு துப்பாக்கி ஒரு கிராம்கூட வராது. அந்த அளவில் வெளிக்கோடு சரியாக இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்து மில் ஒன்றில் காவல் வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து வந்தவர். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி எடுத்ததைப் பற்றி இன்றைக்கும் நேற்று நடந்தது போலப் பேசுவார். என்னிடம் இருந்த ஒரு இந்திய ஜவானை அவரிடம் காட்டினேன். ஆள் வேறு நாட்டுக்காரன், உடுப்பும் சாமானும் நான் சேர்த்தது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இவன் படுத்துக் கிடக்கான்னு வச்சுக்கோ. மேகசின மாத்தணும். கை எங்க போகும்?”

பவுச்சைக் காட்டினேன்.

“மூடி எந்தப் பக்கம் திறக்குது பாரு. அடியில மாட்டிக்கிடும். பவுச்சும் காலியா சப்பிப் போய்க் கெடக்கு. மேகசின் உள்ள இருந்தா இப்படியா இருக்கும்? தண்ணி பாட்டில எடுக்கணும்னா இவன் எந்திரிச்சு உக்காரணும். எந்திரிச்சா தலை போயிரும்ல.”

அதற்கு முன் நான் எத்தனையோ புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன், அளவுகளைச் சரிபார்த்திருக்கிறேன். அவர் பார்த்தது படத்தை அல்ல. அந்தச் சாமானைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார். அன்றிலிருந்து என் அளவுகோல் அதுதான். ஒரு துணைப்பொருள் நிஜம் என்றால் அந்த ஆள் அதை எடுக்கவும் போடவும் முடிய வேண்டும், அது எடுத்துப் போடப்பட்ட தடயம் அதில் இருக்க வேண்டும். பவுச்சுக்குள் இப்போது தீப்பெட்டி அட்டையை வெட்டி மேகசின் அளவுக்கு அடுக்கி வைக்கிறேன். மூடி உப்பி நிற்கிறது. துப்பாக்கியில் கை படுகிற இடங்களில் மட்டும் பென்சில் கரியைப் பொடித்து விரலால் தேய்க்கிறேன். பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிகிற மாதிரி வருகிறது. துப்பாக்கி முழுக்கத் தேய்க்கிறவர்கள் உண்டு, அது தவறு. துப்பாக்கி தேய்வது பிடிக்கிற இடத்தில்தான்.

இந்திய ஜவானைச் செய்வதில் என்ன சிக்கல் என்று கேட்டால், கடையில் அவன் கிடைப்பதில்லை என்பதே பெரிய சிக்கல். ஜெர்மானியன் கிடைப்பான், அமெரிக்கன் கிடைப்பான், ஆங்கிலேயன் கிடைப்பான். அவர்களிடமிருந்து கடன் வாங்கித்தான் நம் ஆளைச் செய்ய வேண்டும். 1962 காலத்து ஜவானை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் பொம்மை ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1937 மாதிரி வெப்பிங் என்று சொல்லப்படும் அந்தக் கான்வாஸ் பெல்ட்டும் பவுச்சும் நம் படையிலும் 1962-ல் இருந்தவைதான். துப்பாக்கியில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் பல காலம் பார்த்த த்ரீ நாட் த்ரீயை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதன் முனை மொட்டையாக, தட்டையாக இருக்கும். குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அது இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த நம்பர் ஒன் மார்க் த்ரீ வகை. 1944 பிரிட்டிஷ் பொம்மையின் கையில் இருப்பதோ நம்பர் ஃபோர். குழாயின் முனை ஒரு விரற்கடை வெளியே நீண்டிருக்கும், பயனெட் ஆணி மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

ஆகவே முனையை அறுத்துவிட்டு எம்-சீலில் அந்த மொட்டை மூக்கை வடிக்க வேண்டும். ஒரு மூக்கு சரியாக அமைய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போய்விடும். பயனெட்டிலும் கவனம் வேண்டும். 1907 மாதிரியின் அலகு 17 அங்குலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். பொம்மைக்கு அது சரியாக 2 அங்குலம். கடைசியாகத் துப்பாக்கியின் மொத்த நீளம். நிஜத்தில் நாற்பத்து நாலரை அங்குலம், ஆறில் ஒரு பங்கில் 188 மில்லிமீட்டர். இதையெல்லாம் அளந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் அந்தத் துப்பாக்கியை அண்ணாச்சி கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

அதே 1962 ஆளிடம் எது இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். அந்த ஆண்டு சீனப் போரில், நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லா கணவாயில் 13-வது குமாவோன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி மேஜர் சைத்தான் சிங் தலைமையில் நின்று மடிந்தது. பதினாறாயிரம் அடிக்கும் மேலான உயரம், போதுமான குளிர்கால உடுப்பு இல்லை, போல்ட் இழுத்துச் சுடுகிற த்ரீ நாட் த்ரீ. அந்த வீரனைப் பொம்மையாகச் செய்கிறவர் கையில் கிடைத்த நல்ல கம்பளிக் கோட்டை அழகுக்காகப் போட்டுவிட்டால் அந்த மனிதர்களுக்குச் செய்கிற அநியாயம் அது. அவர்களிடம் இல்லாததும் அவர்களின் வரலாறு. என் ரெசாங் லா சிப்பாயின் கையுறை மெல்லியது. அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஆண்டாளுக்கு வருகிறேன். ஆண்டாள் கையிலிருக்கும் கிளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிளி கல்லோ உலோகமோ அல்ல. தினமும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டப்படுகிறது. அலகுக்கு மாதுளம்பூ. மறுநாள் வேறு கிளி. சிலையின் கையில் இருக்கிற ஒரு பொருள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கோயில் நாள்தோறும் இத்தனை மெனக்கெடுகிறது. அதே கோயிலில் ஆண்டாள் சன்னதிக்குப் போகிற மண்டபத்தில் வீரபத்திரர் தூண்களைப் பாருங்கள். 1500-களின் தொடக்கத்தில் விஜயநகர காலத்தில் சேர்த்தவை. கையில் வாள் இருக்கிறது. அவசரமாகக் கும்பிட்டுவிட்டுப் போகாமல் அந்த வாளைப் பிடித்திருக்கும் கையை நின்று பாருங்கள். ஆயுதம் தாங்குகிற கையின் இறுக்கத்தைக் கல்லில் காட்டிய மனிதன் வாள் பிடித்த வீரனை நேரில் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். மதுரை, கிருஷ்ணாபுரம், தென்காசி என்று தெற்கே பல கோயில்களில் இந்த வகைத் தூண்கள் உண்டு. பொம்மையின் கையைத் துப்பாக்கிக்கு ஏற்றபடி வளைக்க வேண்டியிருக்கும்போது எந்தப் புத்தகத்தையும் புரட்டுவதற்கு முன் நான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன்.

ராஜபாளையத்தை ஒட்டி மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் இருக்கிறார். நம் பக்கத்துக் காவல் தெய்வங்களின் சன்னதிகளில் மக்கள் நேர்ந்து வைக்கிற அரிவாள் விளையாட்டுப் பொருள் அல்ல, பட்டறையில் அடித்த இரும்பு. காவல் காக்கிறவர் கையில் காவலுக்கு உதவும் ஆயுதம் இருக்க வேண்டும் என்பதில் நம் சனத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆகவே சின்னச் சாமானில் இத்தனை அக்கறையா என்று என்னிடம் யாராவது கேட்டால், இது நம் ஊரில் புதிதல்ல என்பேன்.

சாமான் செய்ய எங்கள் பக்கம் எத்தனை வசதி என்று சொன்னேன் அல்லவா? சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தறியில் மருத்துவ பேண்டேஜ் துணி ஓடிக்கொண்டிருக்கும். இடைவெளி விட்டு நெய்த அந்த காஸ் துணிதான் ஆறில் ஒரு பங்கு உருமறைப்பு வலை. ஒரு துண்டை எடுத்து, ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து முக்கி, காய்வதற்குள் அங்கங்கே இழுத்துக் கண்களைப் பெரிதாக்கி, பச்சையும் காவியும் கலந்து பூசினால் வலை தயார். ஹெல்மெட்டின் மேல் போர்த்தலாம், பீரங்கி மேல் விரிக்கலாம். வெளிநாட்டில் இதையே சிறு பொட்டலமாக விற்கிறார்கள். இங்கே அது முழம் கணக்கில் கிடைக்கும். படையின் மருத்துவ உதவியாளர் பொம்மைக்கு அதே துணி பேண்டேஜாகவே பயன்படும். நிஜப் பேண்டேஜ் எந்தத் துணியோ, பொம்மைப் பேண்டேஜும் அதே துணி. இந்தப் பேறு வேறு எந்த ஊர்ச் சேகரிப்பாளருக்கு வாய்க்கும்?

சீருடைத் துணிக்கு மெல்லிய நூல் வேண்டும். மில்லில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால் கவுண்ட் சொல்வார்கள். எண் ஏற ஏற நூல் மெலிசு. எண்பது, நூறு கவுண்ட் துணியில் தைத்தால்தான் பொம்மையின் கால்சட்டை மடங்கும். சாதாரண சட்டைத் துணியில் தைத்தால் கோணி கட்டிய மாதிரி இருக்கும். தையலும் நெருக்கமாக விழ வேண்டும். எனக்குத் தைத்துத் தருகிற அக்கா தன் மெஷினில் மிகச் சின்னத் தையலுக்கு வைத்துத்தான் ஓட்டுவார். “இம்புட்டுக்காண்டு பேண்ட்டுக்கு நாலு பாக்கெட்டா தம்பி?” என்று கேட்டார். ஆனால் நாலு பாக்கெட்டையும் மூடியோடு தைத்துக் கொடுத்தார். அதில் ஒரு பாக்கெட்டின் மூடி மட்டும் லேசாகத் திறந்திருக்கும்படி அவரே மடித்து வைத்ததைப் பார்த்தபோது, இந்த வேலையின் சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது.

சீருடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமான புதிய உருமறைப்புச் சீருடையின் வடிவத்தை ராணுவம் தன் உரிமையாகப் பதிவு செய்திருக்கிறது. அந்தத் துணியை வெளியில் அச்சடித்து விற்கக் கூடாது. அதனால் என் ஜவான்கள் எல்லாரும் அதற்கு முந்தைய காலத்தவர்கள். இது எனக்குச் சரியாகவே படுகிறது. எல்லையில் நிற்கிறவனின் பாதுகாப்பு என் அலமாரியின் அழகை விட முக்கியம்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதும் முன்பு போல இல்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 தொடக்கத்திலிருந்து தரச் சான்றிதழும் கட்டாயம். வருத்தம்தான். ஆனால் இதுதான் நம் ஆட்கள் நம் சிப்பாயைச் செய்ய வேண்டிய நேரம் என்றும் தோன்றுகிறது. அப்படிச் செய்யும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அந்த அண்ணாச்சியே விடை சொல்லிவிட்டார்.

1990-களின் காஷ்மீர் ஜவான் ஒருவனை முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது நடந்தது. தலையைச் சுற்றிக் குண்டு துளைக்காத பட்கா, டி.எம்.எஸ். பூட்ஸ், இன்சாஸ். உள்ளே தோட்டா தெரிகிற மாதிரி மங்கலான மேகசின். நகவெட்டியால் வெட்டிய கண்ணாடித்தாள் பிளாஸ்டிக்கில் செய்தது. அண்ணாச்சி வெகு நேரம் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

“பெட்டி எங்க தம்பி?”

“எந்தப் பெட்டி அண்ணாச்சி?”

“டிரங்குப் பெட்டி. பெட்டி இல்லாம என்ன பட்டாளத்துக்காரன்?”

கறுப்பு டிரங்குப் பெட்டி. மேலே வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். பக்கத்தில் சுருட்டி வாரால் கட்டிய ஹோல்டால். பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தில் நிற்கும்போது பிளாட்பாரத்தில் அதை எத்தனை முறை பார்த்திருப்போம். விடுமுறைக்கு வருகிறவன் இறக்குவான், திரும்பப் போகிறவன் ஏற்றுவான். வீட்டார் சுற்றி நிற்பார்கள். அவன் துப்பாக்கி பிடித்து நாம் பார்த்ததே இல்லை. பெட்டியோடுதான் பார்த்திருக்கிறோம். உலகத்தின் எந்த நிறுவனமும் விற்கிற ராணுவப் பொம்மையோடு இந்தப் பெட்டி வந்து நான் பார்த்ததில்லை. நம் ஜவானின் முதல் துணைப்பொருள் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பட்டறையில் சொல்லி ஒன்று செய்தேன். முப்பது அங்குலப் பெட்டி பொம்மைக்கு ஐந்து அங்குலம். புதுத் தகரம் தடிமன் என்பதால் பழைய பிஸ்கட் டின்னை வெட்டிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் மூலை மடிப்பையும் நாதாங்கியையும் நிஜப் பெட்டிக்குப் போடுகிற முறையிலேயே போட்டார். நம்பரையும் பெயரையும் அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதினேன். கற்பனை நம்பர், கற்பனைப் பெயர். உள்ளே என்ன வைக்கலாம் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. எனாமல் மக், சவரச் சாமான், ஒரு சாமி படம், வீட்டுக் கடுதாசிக் கட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பொட்டலம் என்றார். பால்கோவா யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே தீர்ந்துவிடுமாம். பொட்டலத்தைச் சுற்றுகிற தாளையும் அச்சுப்படி சின்னதாகச் செய்து வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ராணுவப் பொம்மைகளோடு வருகிற நாய்கள் எல்லாம் ஜெர்மன் ஷெப்பர்டு, இல்லையென்றால் பெல்ஜியன் மாலினாய். ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆறில் ஒரு பங்கில் அதைச் செய்தவர் யாரையும் நான் கண்டதில்லை. கொலு பொம்மை செய்கிறவர்கள், மண்ணிலோ காகிதக் கூழிலோ மிருகம் வடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இதுதான். கால்களை நீளமாக வையுங்கள், வயிறு ஒட்டியிருக்கட்டும், வழக்கமான நாய்ப் பொம்மையின் கனத்த உடம்பு வேண்டாம். நிறம் வெள்ளை, மூக்கு ரோஸ். தோள் உயரம் 11-லிருந்து 12 சென்டிமீட்டருக்குள். கழுத்துப் பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், அதை நானே தைத்துக்கொள்கிறேன். உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.